நடுக்கடலில் விழுந்த புள்ளி

தறிக்குடோன்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புத் தங்கை சண்முகப்பிரியாவுக்கு அண்ணன் கிருபாசங்கர் எழுதுவது.

நீயும் ரூபனும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை நீ போட்ட படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எங்கள் சுகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் நீங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும். அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எனக்குக்கூடச் சொல்லாதே. ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். கட்டிக்கொண்டே படி. உனக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை செய்வது புதிதில்லை.

கடிதம் கொண்டு வந்தவன் ரிஃபத். என்னோடு காலேஜில் படித்தவன், உக்கடத்தில் கேமரா மாட்டும் தொழில் செய்கிறான். நம் குடோன் கேட்டில் கேமரா வைக்க அப்பா ஆள் தேடியபோது நான்தான் அவன் பெயரைச் சொன்னேன். தறி நூலைத் திருடுகிறார்கள் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்க அல்ல, நான் வெளியே போகிறேனா என்று பார்க்கத்தான் அந்தக் கேமரா. என்னைக் காவல் காக்கும் கேமராவை மாட்ட வந்தவன் கையிலேயே கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். அவனுக்குச் சோறு போடு. வெட்கப்பட்டு வேண்டாம் என்பான், நம்பாதே.

ரிஃபத்திடம் உன் விலாசத்தைக் கொடுக்கவில்லை. என்னிடம் விலாசம் இல்லை. இரண்டு எண்களைத்தான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. அந்தப் புள்ளியில் போய் நின்று, மொட்டைமாடியில் டெலஸ்கோப் முக்காலி இருக்கும் வீட்டைத் தேடச் சொன்னேன். அது எந்த ஊர் என்று நான் வரைபடத்தில் பார்க்கவில்லை. பார்க்க என்னிடம் போன் இல்லை. இருந்தாலும் பார்க்கமாட்டேன்.

அந்த எண்கள் எனக்கு எங்கிருந்து கிடைத்தன என்று இந்நேரம் கட்டுவதை நிறுத்திவிட்டு யோசிப்பாய். நீ போட்ட ஓரியன் நெபுலா படத்திலிருந்துதான் அம்மணி.

போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டார். நாம் இருவரும் சேர்ந்து வானம் பார்த்த காலத்தில், வானப் படங்கள் போடும் அந்த இணையக் குழுவில் ஆரம்பித்த கணக்கு அல்லவா, பாராட்டு என் மின்னஞ்சலுக்கும் வந்தது. என் போன் நீ ரூபனோடு வீட்டை விட்டுப் போன ஆவணி மாதத்திலிருந்து மனோஜ்குமாரின் சட்டைப்பையில் இருக்கிறது. மாமா மகன் என்ற உரிமையும் உனக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை என்ற ரோஷமும் அவனுக்கு இன்னும் தணியவில்லை. மெயிலைப் பார்த்த கையோடு காந்திபுரத்தில் செல்போன் கடையை அப்படியே விட்டுவிட்டுக் காரில் வந்து இறங்கினான். அப்பாவிடம், "போட்டோ எடுத்தா எடுத்த எடம் அதுக்குள்ளயே ஏறிக்கும் மாமா, கடையில தெனமும் பாக்கறேனுங்க" என்றான். ஆனால் நம் குழுவுக்குக் கொடுக்கும் படம் போனில் திறக்கிற ஜாதி இல்லையே. அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன்.

அப்பா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு மாதக்கணக்கு ஆகிறது. அன்றைக்குக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, அவ எங்க இருக்கான்னு அதுல எழுதியிருக்குமாமா? எடுத்துக் காட்டு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெரியப்பா, மாமா, இன்னும் மூன்று பங்காளிகள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் இரண்டு கார் நின்றது.

லேப்டாப்பை எடுத்துவருகிறேன் என்று மாடிக்குப் போய் நான் மட்டும் முதலில் திறந்து பார்த்தேன். படத்துக்கு முன்னால் எழுத்தாக வருமே ஹெடர் என்ற விவரப் பட்டியல், அதில் பெயரை அழித்திருந்தாய். ஊரை அழித்திருந்தாய். டெலஸ்கோப்பின் பெயரைக்கூட மாற்றியிருந்தாய். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே திரையைக் கீழே நகர்த்தினேன். கடைசிக்குப் பக்கத்தில் 'சைட் லாட்', 'சைட் லாங்' என்று, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையுமாக இரண்டு வரிகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. நேரம் துல்லியமாக வேண்டும் என்று அடம் பிடித்து ஒரு ஜிபிஎஸ் வாங்க வைத்தாயே, அது நேரத்தோடு இடத்தையும் ஒவ்வொரு படத்திலும் தானாக எழுதுகிறது. இத்தனை தசம இலக்கத்தில் எழுதினால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடும். அழிக்க ஒரு நிமிடம் போதும். அதற்குள் மனோஜ்குமார் படியேறி வரும் சத்தம் கேட்டது. எண்களை மனதில் போட்டுக்கொண்டு லேப்டாப்போடு கீழே வந்தேன்.

ஹாலில் எல்லார் முன்னாலும் திறந்தேன். முதல் திரையில் தெரிவது வானத்தின் முகவரிதானே. படத்தின் நடுப்புள்ளி வானத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இரண்டு எண்கள். எண்பத்து மூன்று புள்ளி எட்டு, மைனஸ் ஐந்து புள்ளி மூன்று. மனோஜ்குமார் எது என்று கேட்டான். நான் விரலை அந்த இரண்டின் மேல் வைத்தேன். வரைபடம் அட்சரேகையைத்தான் முதலில் கேட்கும் என்பதால் இரண்டாவதை முதலில் அடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்குக் கீழே திரையை நகர்த்தவில்லை.

அவன் தன் போனில் வரைபடத்தைத் திறந்து அடித்தான். புள்ளி இலங்கைக்குக் கீழே, தென்கிழக்கில், நடுக்கடலில் போய் விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். நீலம்தான். இன்னும் பெரிதாக்கினான். அதே நீலம். சிரிப்பு வந்தால் செத்தேன் என்று உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமாதான் முதலில் பேசினார். ரூபனின் அண்ணன் சாமுவேல் கப்பலில் வேலை செய்கிறான் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கப்பலேறிப் போய்விட்டார்கள் என்று அவரே முடிவு கட்டினார். பெரியப்பாவும் அதுதான் சரி என்றார். பங்காளிகளுக்கு வீட்டுக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. அப்பா போனை வாங்கி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மனோஜ்குமாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மறுநாள் காரில் என்னைக் குடோனுக்குக் கூட்டிவரும்போது, "ஆடற கப்பல்ல நின்னு கேமராவ இத்தன நேரம் தொறந்து வெச்சு எடுத்தா படம் கலங்கிப்போகாதுங்களா மச்சான்?" என்று கேட்டான். செல்போன் விற்கிறவன்தானே என்று அவனைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். நான் சமாளித்துப் பார்த்தேன், அவன் நம்பவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வைத்திருக்கிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவன் சிநேகிதன் ரித்விக் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். வருகிறவன் பெரிய மேதையாக இருக்கவேண்டியதில்லை. ஒரு பக்கம் கீழே நகர்த்தத் தெரிந்தால் போதும்.

அதனால்தான் கிளம்பச் சொல்கிறேன். முதலில் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. லேப்டாப்பில் இருக்கும் பிரதியை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அது காட்டுகிற வீட்டில் நீங்கள் இல்லாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

என் நிலைமையைக் கேட்டிருப்பாய். ஆபீசுக்கு அப்பாவே போன் செய்து எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார். ஐந்து மாதமாக நீளும் மஞ்சள் காமாலையை உலகத்தில் எந்த டாக்டரும் பார்த்திருக்கமாட்டார். பைக் சாவி பீரோவில். காலையில் மனோஜ்குமார் கார், குடோனில் கணக்கு, சாயங்காலம் மறுபடி அவன் கார். நீ சின்ன டெலஸ்கோப்பையும் கேமராவையும் மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய முக்காலியை மாடியில் விட்டுப்போனாயே, அதன் காலில் அம்மா கயிறு கட்டித் துணி காயப்போடுகிறாள். நகை முழுவதும் வீட்டிலேயே இருக்கிறதே, இவள் என்ன பெண் என்று மாமா இன்னும் ஆச்சரியப்படுகிறார். ரூபன் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. அவன் அப்பா அம்மா பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறார்கள் என்று ரிஃபத் விசாரித்துச் சொன்னான், ரூபனிடம் சொல்லிவிடு.

எனக்கு எரிச்சலாக வருகிறது பிரியா. இவ்வளவு பெரிய வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு சாப்பிடவேண்டியிருக்கிறது, தூங்கவேண்டியிருக்கிறது. தறி ஓடும்போது மட்டும் கொஞ்சம் நிம்மதி, யாரும் பேச முடியாது.

இனி அம்மாவைப் பற்றி எழுதவேண்டும். அதை எழுதத்தான் கை வரவில்லை.

அன்றைக்கு ஹாலில் நடந்தபோது அம்மா சமையலறை வாசலில் நின்றிருக்கிறாள். கப்பல் என்று மாமா சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கடல் என்பது மட்டும் ஏறியிருக்கிறது. அன்று சாயங்காலத்திலிருந்து அப்பாவுக்குச் சோறு வைப்பதோடு சரி, ஒரு வார்த்தை கிடையாது. நேற்று மாடியில் துணி எடுக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். "நெசத்தச் சொல்லு கண்ணு. உங்கப்பனும் மாமனும் சேந்து என்ற புள்ளைய என்னமோ பண்ணிப்போட்டு, எனக்குக் கடலக் காட்டறாங்களா?" என்றாள். ரயில் பாதையில், கிணற்றில் என்று பேப்பரில் வருகிறதையெல்லாம் அவளும் படிக்கிறவள்தானே. நான் இல்லை என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அவள் கேட்டதற்கு இந்நேரம் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன புதிதில் நீங்கள் உக்கடத்தில் ஒளிந்திருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா. நீ மனம் கேட்காமல் அம்மாவுக்குப் போன் செய்தாய். அம்மா மனம் கேட்காமல் அதை அத்தையிடம் சொன்னாள், மனோஜ்குமாரின் அம்மா ஆயிற்றே, பெண் மனசு, பேசி இளக வைப்பாள் என்று. அன்றைக்கே இரண்டு கார் உக்கடத்துக்குப் போனது. நீங்கள் கொஞ்சம் முன்னால் வீட்டை விட்டு இறங்கியதால் பிழைத்தீர்கள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவளால் வைத்துக்கொள்ள முடியாது. இன்று காலையில் அவள் சூலூர் ஸ்டேஷனுக்குப் போய், மகளைக் கொன்றுவிட்டார்கள் என்று அப்பா மேலேயே புகார் எழுதிக்கொடுக்கப்போகிறேன் என்கிறாள். எழுதிக்கொடுத்தால் போலீஸ் உன்னைத் தேடும். கண்டுபிடித்து இவர்கள் எல்லாரும் இருக்கும்போதே உன்னைக் கூட்டிவந்து நிறுத்தும். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்று நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ரிஃபத் நாளைக்குத்தான் மறுபடி வருகிறான். அதற்குள் என்ன ஆகிறது என்று பார்த்து மீதியை எழுதுகிறேன்.

சனிக்கிழமை, மாலை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நானாகச் சொல்லவில்லை. இன்று காலை குடோனுக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்தாள். வேலைக்காரர் யாரையும் அனுப்பாமல் தானே வந்தபோதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். கணக்கு நோட்டின் அடியில் இந்தக் கடிதத்தின் ஓரம் தெரிந்தது. முதல் வரியில் உன் பெயர். படித்தாள். பெயரைத் தாண்டிப் படிக்கவில்லை, உன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காகிதத்தை நோட்டுக்குள் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தறி ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

எந்த ஊர் என்று கேட்பாள் என்று பயந்தேன். அவள் சொன்னது வேறு. "எங்கேன்னு எனக்குச் சொல்லிப்போடாத கண்ணு. ஒருக்கா இந்த வாய் கெட்டுது. தெரிஞ்சா நான் பஸ் ஏறிருவேன், எனக்குப் பொறத்தாலயே அவங்களும் வருவாங்க" என்றாள். ரித்விக் வருவதையும் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் தெரியுமா? மதியம் மாமாவையும் பெரியப்பாவையும், குடோனிலிருந்து என்னையும் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். அவர்கள் முன்னால் அப்பாவிடம் ஒரு வாரத்துக்கு அப்புறம் வாய் திறந்தாள். "ஏனுங்க, கடலத் தாண்டிப் போனவ இனி நமக்கில்லீங்க. தண்ணி தெளிச்சு உட்ருலாமுங்க. நாளைக்கே பேரூர்ல கருமாதி பண்ணிப்போடுங்க. சொந்தம் ஒருத்தரும் வராம இருக்கப்படாது, மனோஜ்குமாரும் நிக்கோணும், அவந்தான் முக்கியமா நிக்கோணும்" என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் விழுந்து அழுதாள் பார், எனக்கே ஒரு கணம் நீ இல்லையோ என்று தோன்றிவிட்டது. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைத் தலைமுழுகுகிறேன் என்று பெற்றவளே சொன்னால் மானம் திரும்பி வந்த மாதிரிதானே அவர்களுக்கு. நாளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாரும் பேரூரில் நொய்யல் ஆற்றுப் படித்துறையில். மனோஜ்குமார் கடை பூட்டியிருக்கும். ரித்விக் பொழுது சாயும்வரை காத்திருந்தாக வேண்டும். உனக்கு ஒரு பகல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அதற்கு அவள் கொடுத்த விலையும் உனக்குத் தெரியவேண்டும். கருமாதி செய்த பெண் திரும்பி வந்து வாசலில் நிற்க முடியாது. நாளைக்குப் பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் உனக்குச் செய்தி வராது, வந்தாலும் நீ வரக்கூடாது. இதெல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "உசுரோட இருக்கறவளுக்குச் செஞ்சா ஆயுசு கொறைஞ்சுபோகுமா கண்ணு?" என்று கேட்டாள். நட்சத்திரங்களின் வயதைக் கணக்குப் போட்டவன் நான். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று தைரியமாகச் சொன்னேன்.

இனி நீ செய்யவேண்டியது. ஜிபிஎஸ்ஸைப் பிடுங்கி எறி. பழைய கணக்கை மூடிவிட்டு வேறு பெயரில் வேறு கணக்கு ஆரம்பி. ஆனால் படம் எடுப்பதை நிறுத்தாதே. போடுவதற்கு முன்னால் ஹெடரைக் கடைசி வரிவரை ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை படி. வானத்தின் எண்கள் இருக்கட்டும், அதை வைத்து யாரும் உன்னைப் பிடிக்க முடியாது. உன் கேமராவில் வலது மேல்மூலையில் வட்டமாக ஒரு தூசி நிழல் விழுமே, துடை துடை என்று உன்னிடம் சண்டை போடுவேனே, அதைத் துடைக்காமல் விடு. என்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் என் கைக்குக் கிடைத்தாலும் குழுவில் தேடுவேன், எந்தப் பெயரில் போட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். அம்மாவிடம் தலையை மட்டும் ஆட்டிவிடுவேன். அவளும் கேட்கமாட்டாள்.

ரிஃபத் கேட்டில் ஏணியை மடக்குகிறான். முடிக்கவேண்டும். அதற்குள் ஒன்று நடந்தது, அதை எழுதாமல் அனுப்ப மனமில்லை.

சற்றுமுன் அப்பா குடோனுக்கு வந்தார். என் எதிரிலேயே உட்கார்ந்து, நாளைக் காரியத்துக்கு ஐயரிடம் போனில் பேசினார். உன் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயர் கேட்டார் போலிருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால்தான் கொடுப்பது உரியவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். "பேரு சண்முகப்பிரியாங்க" என்றார். அடுத்துக் கொஞ்சம் நிறுத்தி, "நட்சத்திரம் ரோகிணிங்க" என்றார்.

பிரியா, உன் நட்சத்திரம் திருவாதிரை. நீ பிறந்ததிலிருந்து மாதம் தவறாமல் பேரூரில் உன் பெயருக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தவர் அவர். மறக்கிற ஆள் இல்லை. நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐயர் அங்கே திரும்பக் கேட்டிருப்பார் போல, "ஆமாங்க, ரோகிணிதானுங்க, எழுதிக்குங்க" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த நீலத்தைப் பார்த்தபோது அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

இதை நம்பி நீ வந்துவிடாதே. அப்பா ஒருவர் மனம் மாறினால் போதாது, மாமாவும் பங்காளிகளும் அவரையும் சேர்த்துத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள். நாளைக்கு அவர் படித்துறையில் உட்கார்ந்து எல்லாம் செய்வார், நான் பக்கத்தில் உட்காருவேன், அம்மா அழுவாள்.

பெரியவர்கள் ஆசீர்வாதம் என்று எழுதித்தான் கடிதத்தை முடிக்கவேண்டும். அப்பா உனக்கு எதையும் சொல்லி அனுப்பவில்லை. ஐயரிடம் மாற்றிச் சொன்னாரே அந்த நட்சத்திரம், அதையே ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். கிளம்பு கண்ணு.

உன் அண்ணன்,
கிருபாசங்கர்